கைப்பிடி தளர்ந்த வண்டியும் கடைக்காரர் பொறுப்பும்

வரி, உரிமம், எடை முத்திரை, கடை நேரம், வாடகை என்று நமது இதழில் மாதந்தோறும் எழுதி வருகிறோம். அவை எல்லாம் பெரிய விஷயங்கள், எழுதத்தான் வேண்டும். இம்முறை மிகச் சிறிய ஒரு பொருளைப் பற்றி எழுத நினைக்கிறோம். நம் கடை வாசலில் நிற்கும் இரு சக்கர வண்டியின் கைப்பிடி ரப்பர். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'கிரிப்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இதற்கெல்லாமா ஒரு கட்டுரை என்று வணிக நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு, ஒரு நிமிடம் வெளியே சென்று தங்கள் வண்டியின் இடது கைப்பிடியை இறுகப் பற்றித் திருகிப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படித்தால் நமக்கு மகிழ்ச்சி. அது கையோடு சுற்றினாலும், வெளிப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்து வந்தாலும், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

மளிகைக் கடைக்காரனுக்கு வண்டி என்பது உலா போவதற்கான வாகனம் அல்ல. தராசைப் போல, கல்லாப்பெட்டியைப் போல அது ஒரு தொழிற்கருவி. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பிறகு நம் போன்ற சிற்றூர் வியாபாரத்தின் முகமே மாறியது என்று சொல்லலாம். அதற்கு முன் சைக்கிள் கேரியரிலும் மாட்டு வண்டியிலும் வந்த சரக்கு, அதன் பின் மொபெட்டில் வர ஆரம்பித்தது. இன்றும் எக்ஸ்.எல். வண்டி நிற்காத மளிகைக் கடை வாசல் நம் பகுதியில் அபூர்வம். முன்னால் காலடியில் ஒரு அரிசிப் பை, பின்னால் எண்ணெய் டின், இரண்டு கைப்பிடியிலும் தொங்கும் பைகள். அரிசிப் பையும் இப்போது 25 கிலோ இல்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் பல ஆலைகள் 26 கிலோ பையாகக் கட்ட ஆரம்பித்துவிட்டன. வரிக் கணக்கு ஒரு கிலோவைக் கூட்டியது. அதைச் சுமப்பது என்னவோ நம் வண்டிதான்.

இந்தச் சுமையோடு நாம் ஓடும் சாலை எது? திருமங்கலத்தில் புறப்பட்டு ராஜபாளையம், சிவகிரி கடந்து நம் வாசுதேவநல்லூர் வழியாகப் புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை என்று கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குப் போகும் லாரிகளும், திரும்பி வரும் லாரிகளும், பேருந்துகளும் இடைவிடாமல் ஓடும் சாலை அது. அதன் ஓரத்தில்தான் நம் கடைகளும் இருக்கின்றன. சங்கரன்கோவில் பக்கமாகச் சரக்கெடுக்கப் போனாலும், கிராமக் கடைகளுக்குச் சரக்கு போட மலையடிவாரம் பக்கம் போனாலும், முதலில் இந்தச் சாலையில் ஏறித்தான் இறங்க வேண்டும். லாரி ஒன்று உரசுவது போல் கடந்து போகும்போது அதன் காற்று வண்டியைத் தள்ளும். அந்த வேளையில் வண்டிக்கும் நமக்கும் உள்ள பிடிப்பு அந்த இரண்டு ரப்பர் துண்டுகளில்தான் இருக்கிறது.

இதில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. வண்டியை முதலாளி ஓட்டுவது குறைவு. கடைப் பையன்கள் ஓட்டுவதே அதிகம். கைப்பிடி சுற்றுவது அந்தப் பையனுக்குத் தெரியும். பழகிவிட்டதால் அவன் சொல்வதில்லை. சொன்னாலும், 'பார்த்துக்கலாம்டா, முதல்ல பில்லைக் கொண்டு போ' என்று பெட்டியடியிலிருந்து பதில் வரும். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்தை விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் அல்ல, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. குறை தெரிந்திருந்தால் மட்டும் அல்ல, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கும் அது பொருந்தும். கைப்பிடியைத் திருகிப் பார்ப்பதைவிடச் சாதாரணமான கவனம் வேறு என்ன இருக்கிறது? 'எனக்குத் தெரியாது சார்' என்ற பதில் இந்தப் பிரிவின் முன் நிற்காது. சட்டத்தை விட்டுத் தள்ளுங்கள். நம்மை நம்பி வீட்டார் அனுப்பி வைத்த பிள்ளை அவன்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைத்துக்கொள்கிறோம். வைக்காவிட்டால் ஆய்வாளர் வருவார். இரு சக்கர வண்டிக்கோ, பதிவு செய்து 15 ஆண்டுகள் ஆகும் வரை புகைச் சான்றிதழைத் தவிர வேறு சோதனை எதுவும் கிடையாது. ஆகவே வண்டியின் கைப்பிடியைப் பார்க்க ஓர் அதிகாரியும் வரப்போவதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

கைப்பிடி ஏன் தளர்கிறது என்பதில் நம் தொழிலுக்கே ஒரு பங்கு இருக்கிறது. நம் கையில் எப்போதும் எண்ணெய்ப் பசை. கடலை எண்ணெய் அளந்த கை, தேங்காய் எண்ணெய் டின்னைத் தூக்கிய கை, அப்படியே வண்டியைப் பிடிக்கிறது. எண்ணெய் ரப்பருக்கு ஆகாத பொருள். மெல்ல உள்ளே ஊறி ரப்பரை உப்பவைத்துக் கொழகொழப்பாக்கிவிடும். ஓரங்களில் வழிந்து உள்ளே இறங்கினால் கம்பிக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பு போய்விடும். அத்தோடு நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் வண்டி. ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் வெடிப்புக்குள் இறங்கிக் கம்பியில் துருவை உண்டாக்குகிறது. துரு பொடிந்தால் ரப்பர் இன்னும் சுற்றும்.

கச்சா ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதிப்படும் என்று அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். அதன் பிறகுதான் ரப்பர் உலகத்துக்குப் பயன்பட்டது. நம் கடைக்கு முன்னால் போகும் அதே சாலையில் செங்கோட்டை தாண்டி மலையேறி இறங்கினால் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களைப் பார்க்கலாம். இன்று வரும் கைப்பிடிகளில் பல, செயற்கை ரப்பரிலும் பிளாஸ்டிக் கலந்த பொருளிலும் செய்யப்படுபவை. எதுவானாலும் சில ஆண்டுகள் வெயிலில் உழைத்தபின் மாற்ற வேண்டியதுதான். சாதாரண வண்டிக்கு ஒரு ஜோடியின் விலை ஒரு கிலோ துவரம் பருப்பின் விலையைச் சுற்றியேதான் இருக்கும்.

'மெக்கானிக் எதற்கு இருக்கிறார்?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர் நன்றாகவே செய்வார். நாம்தான் அவரைச் செய்ய விடுவதில்லை. காலை பத்து மணிக்கு வண்டியைக் கொண்டு நிறுத்தி, 'அண்ணாச்சி, லோடு நிற்குது, அஞ்சு நிமிஷத்துல போட்டுக் கொடுங்க' என்று அவசரப்படுத்துகிறோம். அஞ்சு நிமிடத்தில் கைப்பிடியை ஏற்ற வேண்டுமானால் எண்ணெயோ கிரீஸோ தொட்டு ஏற்றுவதுதான் வழி. எண்ணெய் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். ஒரு வாரத்தில் வழுக்கிக்கொண்டே இறங்கும். இந்த வேலைக்கு உண்மையில் தேவைப்படுவது திறமை அல்ல, ஓர் இரவு. ஏற்றியது காய்வதற்கு ஓர் இரவு சும்மா விட வேண்டும். அந்த இரவு மெக்கானிக்கிடம் இல்லை, நம் வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமையோ விடுமுறைக்கு முந்தின நாளோ, கடை அடைத்து வந்த பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது என்பது நமது கருத்து. பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அடுத்த முறை அவனே செய்துவிடுவான்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, வண்டி ஆறிய பிறகு நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கைப்பிடியின் முனையில் எடைக்குண்டு திருகப்பட்டிருந்தால் முதலில் அதன் திருகாணியைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் அதுவே கைப்பிடியைக் கழலாமல் காக்கும். பழைய கைப்பிடி எப்படியும் குப்பைக்குத்தான் என்றால், இடது பக்கத்தில் பிளேடால் நீளவாக்கில் கீறி வாழைப்பழத் தோல் போல உரித்துவிடலாம். வலது பக்கத்தில் இதைச் செய்யும்போது மிகக் கவனம் தேவை. அங்கே ரப்பருக்குக் கீழே இருப்பது இரும்புக் கம்பி அல்ல. ஆக்சிலேட்டரைத் திருப்பும் குழாய். பல வண்டிகளில் அது பிளாஸ்டிக். பிளேடு ஆழமாக இறங்கினால் அதில் கோடு விழும். நாளடைவில் அங்கேதான் விரிசல் காணும். ஆகவே வலப்பக்கத்தை மேலாகக் கீறிக் கையால் கிழிப்பதே நல்லது.

கைப்பிடி நன்றாக இருக்கிறது, தளர்ந்தது மட்டுமே குறை என்றால் வெட்ட வேண்டாம். பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றின் நுனியை உரசி மழுக்கிக்கொண்டு, உட்பக்க விளிம்பு வழியாக ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மெல்ல நுழையுங்கள். அந்த இடைவெளியில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் சில துளிகளை விட்டு, கம்பியைச் சுற்றிலும் கொண்டு போனால் பிடிப்பு விடும். பிறகு திருகிக்கொண்டே வெளியே இழுத்தால் வந்துவிடும். பஞ்சர் கடைக்காரர் பழக்கமானவர் என்றால் காற்றுக் குழாயின் முனையை அந்த இடைவெளியில் வைத்துக் காற்றைச் செலுத்தச் சொல்லலாம்; ரப்பர் பலூன் போல லேசாக உப்பிக் கம்பியை விட்டுவிடும். ஸ்பிரிட் உடனே தீப்பற்றும் பொருள், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். ஆகவே பீடி, சிகரெட், கொசுவர்த்தி, எரியும் அடுப்பு எதுவும் அருகில் கூடாது. சிலர் பெட்ரோலையே தொட்டு இந்த வேலையைச் செய்வார்கள். நாம் அதை ஒப்பவில்லை. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரை உப்பவைக்கும், தீயபாயமும் கூடுதல்.

கழற்றிய பிறகு கம்பியைச் சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வராத வரை துடைக்க வேண்டும். கைப்பிடியின் உட்புறத்தையும் அப்படியே. நம் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வது நல்லது. எண்ணெய் அளந்த கையோடு தொட்டால் துடைத்ததெல்லாம் வீண்.

புதுக் கைப்பிடிகள் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் ஒன்றல்ல. நம் சாதாரண வண்டிகளில் ஹேண்டில் கம்பியின் பருமன் சுமார் 22 மில்லி மீட்டர். இடது கைப்பிடி நேராக அதன்மேல் ஏறுகிறது. வலது கைப்பிடியோ அந்தக் கம்பியின்மேல் சுற்றும் குழாயின் மேல் ஏறுகிறது. ஆகவே அதன் துளை சற்றுப் பெரிது. ஒரு ஜோடியில் ஒன்று மிஞ்சிக் கிடக்கிறதே என்று வலதுக்கு உரியதை இடதில் மாட்டிவிட்டு, ரப்பர் மட்டம் என்று கம்பெனியைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். சிக்கனம் நம் தொழில் தர்மம்தான், ஆனால் அளவு மாறிய பொருளைப் பொருத்துவது சிக்கனம் ஆகாது.

ஏற்றுவதற்கு முன் கைப்பிடியைச் சில நிமிடங்கள் கை பொறுக்கும் வெந்நீரில் போட்டு எடுத்து, உள்ளே ஈரமில்லாமல் துடைத்தால் ரப்பர் இளகிக் கொடுக்கும். உள்ளே ஸ்பிரிட்டை ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கம்பியிலும் தடவி, நிறுத்தாமல் ஒரே மூச்சில் திருகித் தள்ளிவிட வேண்டும். பாதியில் நின்று யோசித்தால் ஸ்பிரிட் ஆவியாகிவிடும். ரப்பர் அந்த இடத்திலேயே நின்றுகொள்ளும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் கை கழுவும் ஜெல்லை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் சேர்க்கும் கிளிசரின் காயாமல் வழவழப்பாக நின்றுவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டும் ஏற்றலாம் என்பார்கள். ஏறும். ஆனால் அது காய வெகுநேரம் ஆகும், மழையில் நனைந்தால் மறுபடியும் வழுக்கும். சாரல் அடிக்கும் நம் ஊருக்கு அது ஒத்துவராது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி ஏற்றுபவர்களும் உண்டு. பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் சட்டென்று இறுகிவிடுமாகையால் கை பழகியவர்களுக்கே அது சரிவரும். வலப்பக்கத்தில் சொல்யூஷன் குழாயின் ஓரத்தில் வழிந்து கம்பியில் ஒட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரே சுற்றாது.

வலப்பக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உயிரபாயம் அங்கேதான் இருக்கிறது. கைப்பிடியை முழு வேகத்தில் உள்ளே தள்ளி ஸ்விட்ச் பெட்டியோடு ஒட்ட வைத்துவிட்டால், திருகிய ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பி வராது. ரப்பர் பெட்டியில் உரசிக்கொண்டு அங்கேயே நிற்கும். வண்டி வேகத்தைக் குறைக்க மறுக்கும். இரண்டு மூன்று மில்லி மீட்டர் இடைவெளி அங்கே அவசியம். அதே போல் வெளிமுனையும் கம்பியின் நுனியில் அழுந்தக் கூடாது. பொருத்திய பிறகு எஞ்சினை இயக்காமலேயே ஆக்சிலேட்டரைத் திருகிக் கையை விட்டுப் பாருங்கள். 'டக்' என்று பழைய இடத்துக்கு வர வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு முறை, இடப்பக்கம் முழுவதும் திருப்பி ஒரு முறை, வலப்பக்கம் முழுவதும் திருப்பி ஒரு முறை. மூன்றிலும் வந்தால்தான் வேலை முடிந்தது. ஒன்றில் தயங்கினாலும் அந்த வண்டியைச் சாலைக்கு விடக் கூடாது. கைப்பிடி சரியாக இருந்தும் தயங்கினால் குறை கேபிளில் இருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை, அவரிடமே விட்டுவிடுவோம்.

எக்ஸ்.எல். போன்ற மொபெட்டுகளிலும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் வேறோர் ஆபத்து உண்டு. இவற்றில் கிளட்ச் தானாகவே இயங்குவது. ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும், வண்டி பாயும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சுமையோடு நிற்கும் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்க வலது கைப்பிடியைப் பிடித்து இழுக்கும்போது அது திருகப்பட்டுவிட்டால் வண்டி கடைக்குள்ளேயோ சாலைக்கோ தாவும். வலது கைப்பிடியில் தொங்கவிட்ட துணிப்பையின் காது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டாலும் இதே கதிதான். மூட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்பதைக் கடையில் எழுதியே ஒட்டலாம். பெட்ரோல் மிச்சம் என்று சொன்னால் முதலாளிகளே முதலில் கேட்பார்கள்!

கைப்பிடிக்கு மேல் போடும் உறைகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பாஞ்சு உறை, பிளாஸ்டிக் நாரால் பின்னிய உறை, குஞ்சம் தொங்கும் உறை என்று விதவிதமாக விற்கின்றன. நம் உறுப்பினர்களே அவற்றை விற்பதும் நமக்குத் தெரியும். அவர்கள் கோபிக்க வேண்டாம். தளர்ந்த ரப்பருக்கு மேல் உறையை மாட்டினால் தளர்ச்சி போவதில்லை, மறைந்துதான் போகிறது. பருமன் கூடுவதால் விரல்கள் பிரேக் லிவரை எட்டுவதும் தாமதமாகும். இரும்புக் கட்டுக் கம்பியால் ரப்பரை இறுக்கிக் கட்டுவதும் சிலருக்கு வழக்கம். பந்தய வண்டிகளில்கூட அப்படிக் கட்டுவது உண்டு. ஆனால் அங்கே கம்பி முனையை ரப்பருக்குள் மடக்கிப் புதைத்துவிடுவார்கள். நாம் விட்டுவைக்கும் முனை உள்ளங்கையைக் கிழிக்கும்.

பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை இன்னும் வைத்திருக்கும் பெரியவர்கள் சிலர் உண்டு. அதில் கியர் இடது கையில் இருப்பதால் இரண்டு பக்கமும் சுற்றும் குழாயே. இரண்டுக்குமே வலப்பக்கத்துக்குச் சொன்ன கவனம் தேவை. புதிதாக வந்துள்ள மின்சார வண்டிகளில் ஆக்சிலேட்டருக்குள் கேபிள் இல்லை, மின்கம்பிகளும் உணர்கருவியும் இருக்கின்றன. அவற்றில் இடது கைப்பிடியோடு நம் கைவேலை நிற்கட்டும். வலப்பக்கம் ஈரமோ ஸ்பிரிட்டோ படாமல் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போவதே முறை.

நமது சங்கத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறோம். மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் வாசலில் வரிசையாக வண்டிகளை நிறுத்துகிறோம். கூட்டம் தொடங்கும் முன் செயற்குழுவில் இருவர் அந்த வரிசையில் நடந்து, ஒவ்வொரு வண்டியின் இரண்டு கைப்பிடிகளையும் திருகிப் பார்க்கட்டும். சுற்றுகிற வண்டியின் எண்ணை ஒரு சிட்டையில் குறித்து, உரியவரிடம் தனியாகக் கொடுத்தால் போதும். மேடையில் பெயரைப் படிக்கத் தேவையில்லை. ஒரு பாட்டில் ஸ்பிரிட், நான்கு உப்புத்தாள், இரண்டு மழுங்கிய ஸ்போக் கம்பி ஆகியவற்றைச் சங்கக் கட்டிடத்தில் வாங்கி வைக்க ஆகும் செலவு, கூட்டத்தில் நாம் குடிக்கும் தேநீர்ச் செலவைத் தாண்டாது. சாரல் காலம் தொடங்கும் முன் வரும் கூட்டத்திலேயே இதை ஆரம்பிக்கலாம். கடைப் பையன்கள் ஓட்டும் வண்டிகளையும் அன்று அவசியம் கொண்டு வர வேண்டும்.